எடையும் இழுப்பும்: மலை ஏறுவதற்கு முன் சமதரை

உடம்பு குறைந்தால் இழுப்பும் குறையும் என்று டாக்டர் சொன்னதும், புக்கிட் பெருவாங் பக்கம் இருப்பவர்கள் பலர் மறுநாள் காலையே குன்றில் ஏறிவிடுகிறார்கள். பாதி வழியில் நெஞ்சு அடைக்கிறது. “ஆஸ்துமாக்காரனுக்கு இதெல்லாம் ஆகாது” என்று இறங்கி வந்தால் அதோடு நடை நின்றுவிடும், எடை அப்படியே இருக்கும். டாக்டர் சொன்னதில் தப்பில்லை. நாம் போன வரிசைதான் தப்பு. முதலில் பம்பு, அடுத்து சமதரை நடை, கூடவே சாப்பாடு. மலை எல்லாவற்றுக்கும் கடைசி.

எடை மூச்சை என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பொறுமை வரும். வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் போதாது, சிறு மூச்சுக்குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்கின்றன. கொழுப்புத் திசு சும்மாவும் இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை இரத்தத்தில் விடுகிறது. பருத்த உடம்பில் ஸ்டீராய்டு பம்பின் பலன்கூடக் குறையலாம். மலேசியாவில் இந்தியர்களிடையேதான் பருமன் அதிகம். பால்மரம் வெட்டிய தலைமுறை சாப்பிட்ட சோற்றின் அளவை, தோட்டத்தை விட்டு வந்து பேக்டரியில் உட்கார்ந்து வேலை செய்யும் நாமும் விடவில்லை.

1. ஆஸ்துமாதானா என்று உறுதி செய்யுங்கள். ஆஸ்துமா இல்லாமலே, எடை மட்டும்கூட மூச்சு வாங்க வைக்கும். கனடாவில் 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆஸ்துமா என்று சொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறுபரிசோதனையில் அது இல்லை. குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

2. அளந்து எழுதுங்கள். ஆசியர்களுக்கு உடல் நிறை எண் 23 தாண்டினால் எடை கூடுதல், 27.5 தொட்டால் பருமன். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு அவை ஏறக்குறைய 59 கிலோ, 70 கிலோ. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை எடை பார்த்தால் போதும்.

3. பம்பைச் சரிசெய்யுங்கள். நீலப் பம்பு அப்போதைக்கு மூச்சைத் திறக்கும். உள்ளே இருக்கும் அழற்சியை அடக்குவது தினமும் போடும் தடுப்புப் பம்பு. அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, உடம்பு ஊதிவிடும் என்று பயந்து நிறுத்துபவர்கள் ஏராளம். உடம்பை ஊதவைப்பது அடிக்கடி அல்லது நெடுநாள் சாப்பிடும் பிரெட்னிசோலோன் போன்ற மாத்திரைகள், அவை மில்லிகிராம் கணக்கு. பம்பில் வருவது மைக்ரோகிராம் கணக்கு, அதுவும் நேரே நுரையீரலுக்குப் போகிறது. தடுப்புப் பம்பை விட்டால் இழுப்பு முற்றும், முற்றினால் அந்த மாத்திரைதான் வந்து சேரும். பம்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் ஸ்பேசர் குழாயை வைத்துப் போடுங்கள், போட்டதும் வாய் கொப்பளியுங்கள். போடும் முறையில் சந்தேகம் இருந்தால் மருந்தாளர் முன்னால் ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள்.

4. நடை. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. மூச்சு வாங்குவது வேறு, இழுப்பு வேறு. நடக்கும்போது மூச்சு வாங்கி, நின்ற சில நிமிடங்களில் அடங்கினால் அது பழக்கமில்லாத உடம்பின் களைப்பு. பயப்பட வேண்டாம். நடந்து முடித்து 5 முதல் 15 நிமிடத்தில் இருமலும் விசில் சத்தமும் நெஞ்சு இறுக்கமும் கூடினால் அது இழுப்பு. முதலாவதை இழுப்பென்று நினைத்து நடையை விடுகிறோம். இரண்டாவதைக் களைப்பென்று நினைத்து அசட்டையாக இருக்கிறோம். இரண்டுமே ஆபத்து.

ஆயர் குரோ ஏரிப் பக்கம் போன்ற சமதரையில் தொடங்குங்கள். முதல் 10 நிமிடம் மெதுவாக நடந்து மூச்சுக்குழாயைப் பழக்க வேண்டும், இதை எக்காரணம் கொண்டும் தாண்டாதீர்கள். பிறகு பேச முடியும், பாட முடியாது என்ற வேகம். முடிக்கும்போதும் சட்டென்று நிற்காமல் மெல்லக் குறையுங்கள். நடந்தாலே இழுப்பு வருகிறவர்கள், கிளம்பும் முன் என்ன பம்பு போடுவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீலப் பம்பு சட்டைப்பையில் இருக்க வேண்டும், காரில் அல்ல.

முதல் வாரம் 15 நிமிடம், பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். இரவில் இழுப்பால் எழும்பாமல், அரை மணி நேரம் வேகமாக நடக்க முடிகிற வரை மலைப் பக்கம் போக வேண்டாம். பேச்சே வராமல் திணறினாலும், உதடு நீலம் பாரித்தாலும், பம்பு போட்டும் அடங்காவிட்டாலும் உடனே 999.

5. தட்டும் கோப்பையும். நடை மட்டும் எடையைக் குறைக்காது. முதலில் கை வைக்க வேண்டியது தே தாரேக்கில். அதில் ஊற்றும் கெட்டிப்பாலில் பாதிக்குக் குறையாமல் சர்க்கரைதான். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் பழகுங்கள், இரண்டு வாரத்தில் நாக்கு ஒத்துக்கொள்ளும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ. இரவு வேலை முடித்து மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுப் படுத்தால் எடையும் ஏறும், புளித்த அமிலம் தொண்டைக்கு வந்து இருமலும் கூடும். படுக்க 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள். தயிரும் வாழைப்பழமும் குளிர்ச்சி என்று ஒதுக்க வேண்டாம். ஒவ்வாமை என்று பரிசோதனையில் தெரிந்ததை மட்டும் விடுங்கள்.

6. வீடும் புகையும். நம் ஈரக்காற்றில் தூசிப்பூச்சிக்குக் கொண்டாட்டம். தலையணை உறை, விரிப்பை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவையுங்கள். சாம்பிராணியும் கொசுவத்தியும் படுக்கையறைக்குள் வேண்டாம். 2015, 2019 போல் புகைமூட்டம் வரும் நாள்களில் காற்று மாசுக் குறியீடு 100 தாண்டினால் நடை வீட்டுக்குள்ளோ பேரங்காடிக்குள்ளோதான்.

7. மூன்று மாதம் கழித்து. முதல் இலக்கு இப்போதைய எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைப்பது, 80 கிலோ இருப்பவருக்கு 4 முதல் 8 கிலோ. பின்லாந்தில் ஆஸ்துமா உள்ள பருமனான 38 பேரை வைத்து நடந்து 2000-இல் வெளிவந்த ஆய்வில், எடை குறைத்த குழுவின் நுரையீரல் திறனும் கூடியது, நோய் அறிகுறிகளும் குறைந்தன. உங்களுக்கும் மூச்சு இலேசானதும் தடுப்புப் பம்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எடை எழுதிய நோட்டையும், எத்தனை தடவை நீலப் பம்பு தேவைப்பட்டது என்ற கணக்கையும் கிளினிக்குக் கொண்டுபோங்கள். மூன்று மாதம் இழுப்பு அடங்கியிருந்தால் மருந்தைப் படிப்படியாகக் குறைக்க டாக்டருக்கே வழி தெரியும். அதைக் கேட்கும் தைரியத்தை அந்த நோட்டுதான் உங்களுக்குத் தரும்.