ஒரு குருவியும் அதன் காற்சீட்டும்

நூதனசாலைக்குச் செல்வோர் கண்ணாடிப் பேழைகளில் நிற்கும் பறவைகளைக் கண்டு வியப்பர். ஆயின், ஆராய்ச்சியாளர்க்குப் பெரிதும் பயன்படுவன அவையல்ல. பின்னறை இழுப்பறைகளிலே பஞ்சடைத்த தோல்களாய் வரிசையாகக் கிடப்பனவேயாம். ஒவ்வொன்றின் காலிலும் சிறு சீட்டொன்று கட்டப்பட்டிருக்கும். பறவையின் பெயர், அது பெறப்பட்ட இடம், நாள், பெற்றவர் பெயர் என்பன அதிற் காணப்படும். இவற்றுள் இடமும் நாளுமே தலையாய பெறுமதியுடையன என்பதை ஒரு கதிர்க்குருவியின் வரலாற்றால் விளக்குவாம்.

1867 நவம்பர் 13ஆம் நாள், இமயமலைச் சாரலிற் சத்லஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே, இராம்பூருக்கு அண்மையில், அலன் ஒக்ரேவியன் ஹியூம் என்பார் பழுப்பு நிறக் குருவியொன்றைப் பெற்றார். பிற்காலத்தில் இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தோருள் ஒருவராகிய ஹியூம் இவரே. குருவியின் அலகு நீண்டிருந்தமையின் அதனைப் புதிய இனமெனக் கொண்டார். அதுபோன்ற பிறிதொன்று அறியப்படாமையால், அது தனியினமோ, வேறோரினத்தின் திரிபோ எனப் பின்வந்தோர் ஐயுற்றனர்.

ஹியூம் பல்லாண்டு முயன்றெழுதிய கையெழுத்துப் பிரதிகள் சிம்லாவிற் பணியாளொருவராற் பழங்காகிதமாக விற்கப்பட்டு அழிந்தன. மனம் நொந்த அவர், 1885இல் தம் பெருந்தொகுதியைப் பிரித்தானிய நூதனசாலைக்கு ஈந்தார். ஏடுகள் அழிந்தன, குருவியின் காலிற் கட்டிய சீட்டோ அழியவில்லை.

2002இல் அவ்வுடலின் டி.என்.ஏ. ஆராயப்பட்டது. அது பேரலகு நாணற் கதிர்க்குருவி என்னும் தனியினமே என்பது தெளிவாயிற்று. 2006 மார்ச் 27இல் தாய்லாந்திலே பிலிப் றவுண்ட் என்னும் ஆராய்ச்சியாளரின் வலையில் உயிருள்ள பறவையொன்று அகப்பட்டது. அதன் இறகுகளை ஆராய்ந்தோர் அதுவும் இவ்வினமே எனக் கண்டனர்.

இனி, நூதனசாலைகளின் இழுப்பறைகள் மீண்டும் திறக்கப்பட்டன. இங்கிலாந்தின் திரிங் நகரிலுள்ள தொகுதியில், 1869இல் வட இந்தியாவிற் பெறப்பட்ட இரண்டாவது பறவை, பிளைத் நாணற் கதிர்க்குருவி என்னும் பிழையான பெயரோடு கிடந்தது. 2008இல் வெளியான ஆய்வொன்று, பல தொகுதிகளிலிருந்து மேலும் 10 பறவைகளை இனங்கண்டுரைத்தது. சீட்டுக்களிலுள்ள பெயர்கள் பிழைபட்டிருந்தன; இடமும் நாளும் பிழைபடவில்லை. கோடைத் திங்களிற் பெறப்பட்டவை ஆப்கானிஸ்தானையும் மத்திய ஆசியாவையும் சுட்டின. குருவி கூடு கட்டும் நாடு எதுவென்பது இவ்வாறு புலனாயிற்று. அவ்வாண்டிலேயே ஆப்கானிஸ்தானின் வாக்கான் பள்ளத்தாக்கில் இதன் பாட்டு ஒலிப்பதிவு செய்யப்பட்டது. 2009இல் ஏறக்குறைய 20 பறவைகள் அங்கு வலையிற் பிடித்து விடப்பட்டன.

இதற்கு மாறான வரலாறும் உண்டு. 1967இற் காலஞ்சென்ற கேணல் ரிச்சட் மைனட்சாகன் என்பார், பிறர் சேகரித்த பறவைத்தோல்களைக் கவர்ந்து, பொய்யான இடமும் நாளும் எழுதிய சீட்டுக்களைக் கட்டிவைத்தார். அவர் இறந்து பல்லாண்டுகளின் பின்னரே, தோல் பதனிட்ட முறைகளை ஒப்பிட்டு இம்மோசடியை நிறுவினர். அதனால் அவர் தொகுதியிலுள்ள உண்மைச் சீட்டுக்களும் ஐயத்துக்குள்ளாயின.

பெயரிற் பிழையிருப்பின் பின்வரும் தலைமுறை திருத்திக்கொள்ளும். உடலே சான்றாக உளதன்றோ? இடத்தையும் நாளையும் இழந்தாலோ, உடலை எத்துணை நுணுகி ஆராய்ந்தும் அவற்றை முழுதாய் மீட்டல் அரிது. ஆதலின், இலையோ, சிப்பியோ, வண்ணத்துப்பூச்சியோ சேகரிக்கும் மாணவர் இதனை நெஞ்சிற் கொள்வாராக: பெயர் தெரியாவிடின் அவ்விடத்தை வெறுமையாக விடுக, இடத்தையும் நாளையும் அன்றே எழுதுக, மறந்தவற்றை ஊகத்தால் நிரப்பற்க. ஹியூம் தம் குருவியின் உண்மையை முற்றும் அறிந்தாரல்லர். தாம் அறிந்ததை உண்மையாய் எழுதிவைத்தார். 135 ஆண்டுகளின் பின் அதுவே பயன்பட்டது.