பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரும் அதிலுள்ள பேரேடும்

1990களில் நம் அங்கத்தினர் சிலர் கடைக்கணக்கை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். கொல்லிமலையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே பேட்டரியில் ஓடும், கையில் தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டரை வாங்கியவர்களும் உண்டு. அவற்றில் பல இன்று பரணில் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரரிடம் எடை போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

செம்மேட்டில் மிளகும் காபியும் வாங்கி விற்கும் ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தார்கள். தந்தையார் காலத்தில் அண்ணன் கடைக்குப் போட்ட முதல் எவ்வளவு என்பதில் பேச்சு முற்றியது. நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். 640 கேபி நினைவகம், 20 எம்பி ஹார்ட் டிஸ்க், 720 கேபி பிளாப்பி டிரைவ், டாஸ் 3.3. அதை நம்மிடம் கொண்டுவந்தார்கள்.

உள்ளே கசிந்திருந்த பேட்டரியை முதலில் கழற்றி, உப்புப் பூத்த இடத்தைத் துடைத்தோம். மூன்றாம் முறை ஸ்விட்ச் போட்டபோது டிஸ்க் சுழன்றது. கணக்குப் பகுதியைத் திறந்தால் பாதி கோப்புகளைக் காணோம். நாம் அவசரப்பட்டு, கையிலிருந்த பெரிய டிஸ்க் ரிப்பேர் புரோகிராம் ஒன்றை ஓட்டப் பார்த்தோம். நினைவகத்தில் இடம் போதவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. நின்றதும் நல்லதுக்குத்தான்.

இங்கே நினைவகம், டிஸ்க் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். டிஸ்க் என்பது குடோன். நினைவகம் கடையின் முன்பலகை. குடோனில் எவ்வளவு மூட்டை இருந்தாலும் பலகையில் பிரித்துப் பார்க்க இடம் வேண்டும். அந்தக் கால 8086, 8088 சிப்புகள் மொத்தம் 1 எம்பி வரைதான் எண்ணும். அதில் 384 கேபியைத் திரைக்கும் இயந்திரத்தின் சொந்த வேலைக்கும் ஒதுக்கிவிட்டு, 640 கேபியைப் புரோகிராம்களுக்கு விட்டார்கள். 1987-ல் வந்த தோஷிபா டி1000-க்கு அதுவும் இல்லை. 512 கேபிதான், ஹார்ட் டிஸ்க்கே கிடையாது.

இந்தச் சிறிய பலகையிலும் முன்பே பலர் உட்கார்ந்திருப்பார்கள். மவுஸ் டிரைவர், பிரிண்ட் வரிசை, வைரஸ் காவல், காலண்டர் என்று கம்ப்யூட்டர் தொடங்கும்போதே ஏறிக்கொள்பவை. பஃபர் எண்ணிக்கையை 50 என்று போட்டிருந்தால் அதற்கே 25 கேபிக்கு மேல் போய்விடும். டாஸ் 6-ல் தொடக்கத்தில் எஃப்5 விசையை அழுத்தினால் இவற்றை ஏற்றாமல் விட்டுவிடும். டாஸ் 3.3-ல் அந்த வசதி இல்லை. அதற்காக, பழுதான டிஸ்க்கில் உள்ள தொடக்கக் கோப்புகளைத் திருத்தப் போகாதீர்கள். அதில் ஓர் எழுத்து எழுதினாலும் தேடும் கணக்கின் மேலேயே விழலாம்.

சுத்தமான பிளாப்பியிலிருந்து தொடங்குவதே வழி. 720 கேபி டிரைவ் 1.44 எம்பி பிளாப்பியைப் படிக்காது. பெரிய பிளாப்பியின் கூடுதல் ஓட்டையை டேப் போட்டு மூடி ஏமாற்றுவார்கள். அது நம்பத்தக்கதல்ல, உண்மையான 720 பிளாப்பியே தேடுங்கள். டாஸ் இல்லாதவர்களுக்கு, 8086-லும் ஓடும் பிளாப்பித் தொகுப்பு ஃப்ரீடாஸ் 1.3-ல் (2022) இலவசமாகக் கிடைக்கிறது. கம்ப்யூட்டரைத் தொடங்கும் டாஸும் செக்டிஸ்க் புரோகிராமும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். 3.3-ல் தொடங்கி 6-ன் செக்டிஸ்க்கைக் கூப்பிட்டால் பதிப்பு தவறு என்று மறுத்துவிடும்.

நம் பிளாப்பியில் டாஸ், செக்டிஸ்க், எக்ஸ்காப்பி மட்டும் வைத்தோம். 70 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டிய வண்டியில் அதற்கு மேல் எதற்குச் சுமை? செக்டிஸ்க் டிஸ்க்கை மட்டுமல்ல, நினைவகத்தையும் எண்ணிக் கடைசி இரண்டு வரிகளில் காட்டும். மொத்தம் 655360 பைட் என்றது. மீதி 580 கேபிக்கு மேல் இருந்தது.

பிளாப்பி டிரைவே செத்திருந்தால்? டாஸ் 6-ல் இன்டர்சர்வர் என்று ஒன்று உண்டு. ஏழு கம்பி நல்-மோடம் கேபிள் வழியாகத் தன்னையே அடுத்த கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்து அனுப்பும். இணைப்பில் சர்வர் பக்கம் சுமார் 130 கேபி, கிளையண்ட் பக்கம் 16 கேபி நினைவகம் போதும். வாங்கும் கம்ப்யூட்டரில் மோட் என்னும் டாஸ் கட்டளை இருக்க வேண்டும். அனுப்பும் கம்ப்யூட்டருக்கு அசல் சீரியல் போர்ட் வேண்டும்.

நமக்கு அது தேவைப்படவில்லை. செக்டிஸ்க்கை வெறுமனே ஓட்டினோம், எஃப் குறி போடவில்லை. அப்போது அது பிழைகளைச் சொல்லுமே தவிர எதையும் எழுதாது. "கோப்பாக மாற்றவா?" என்று கேட்கும், ஆம் என்றாலும் மாற்றாது. உரிமையாளர் இல்லாத தொடர்கள் இரண்டு இருப்பதாகச் சொன்னது. உடனே சரிசெய்யக் கை துறுதுறுத்தது. ஆனாலும் முதலில் படிக்க முடிந்த கணக்குகளை மூன்று பிளாப்பியில் நகல் எடுத்து, எழுதுதடைச் சில்லை நகர்த்தி ஓட்டை தெரிய வைத்தோம். அதன் பிறகே எஃப் குறியுடன் ஓட்டினோம். டைரக்டரியையே கோப்பாக மாற்றவா என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆம் என்றால் அதற்குள் இருந்த அத்தனைக்கும் முகவரி போய்விடும்.

இரண்டு தொடர்களும் சிஎச்கே என்ற வால் கொண்ட கோப்புகளாக வந்தன. ஒன்று குப்பை. மற்றதற்கு டிபிஎஃப் என்று வாலை மாற்றி, இன்றைய கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபீஸில் திறந்தோம். டிபேஸ் பேரேடு வரிசை வரிசையாக விரிந்தது. முதல் கணக்கு அதில் இருந்தது, அண்ணன் பெயரில் நான்கு தவணை. தம்பி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு, இரண்டு பிரிண்ட் எடுங்கள் என்றார்.