நாலு மாதம், ஐந்து ரவுண்டு, பதில் மட்டும் இல்லை

கேள்வி: கணவரின் வேலை மாற்றலால் திருநெல்வேலியிலிருந்து கொல்கத்தா வந்து இரண்டு வருடம் ஆகிறது. நியூ டவுனில் குடியிருக்கிறோம். சால்ட் லேக் செக்டர் ஃபைவில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் நாலு மாதமாக இன்டர்வியூ நடந்தது. ஐந்து ரவுண்டு முடித்து, சம்பளமும் பேசி, மூன்று மாத பே ஸ்லிப்பும் வாங்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஐந்து வாரமாகப் பேச்சில்லை. ஹெச்.ஆர். போனை எடுப்பதில்லை. ஒரே ஒருமுறை ‘இன் பிராசஸ்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இதற்கிடையே ஒரு சின்ன நிறுவனம் ஆஃபர் லெட்டர் கொடுத்து, மாதக் கடைசிக்குள் முடிவு கேட்கிறது. பெரிய இடத்தை நம்பி இதை விட்டுவிடலாமா? ‘இப்போதே பேப்பர் போட்டுவிடு, நோட்டீஸ் நாளாவது ஓடும்’ என்கிறாள் தோழி. ராத்திரி தூக்கமில்லை ஐயா. நான் எங்கே தப்பு செய்தேன்?
— வாசகி, நியூ டவுன், கொல்கத்தா

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் தப்பு செய்ததாகத் தெரியவில்லை. பிடிக்காதவரிடம் யாரும் சம்பளம் வரை பேசமாட்டார்கள்.

ஆள் எடுக்கும் பக்கம் பல வருடம் உட்கார்ந்தவன் நான். உள்ளே நடப்பது பெரும்பாலும் இதுதான். நம் ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் 90 நாள். ஓர் இடத்துக்கு இரண்டு பேர் தேறினால் ஒருவருக்கு ஆஃபர் போகும். அவர் அந்த 90 நாளும் பழைய இடத்தில் இருந்தபடியே இன்னும் நல்ல சம்பளம் தேடுவார். சேர வேண்டிய வாரத்தில் ‘வரவில்லை’ என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தில், இரண்டாவதாகத் தேறியவருக்கு ‘இல்லை’ என்று சொல்லவும் மனம் வராது, ‘வாருங்கள்’ என்று சொல்லவும் இடம் இருக்காது. ‘இன் பிராசஸ்’ என்பது பல நேரம் அந்த நிலைக்கு வைத்த பெயர். இல்லையென்றால் புராஜெக்ட் தள்ளிப்போய், அந்த இடத்துக்கான ஒப்புதலே நின்றிருக்கும். உங்களோடு பேசிய ஹெச்.ஆருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

இப்படிச் சொல்வதால் அவர்களுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ‘இன்னும் முடிவாகவில்லை, மூன்று வாரத்தில் சொல்கிறோம்’ என்று எழுத ஒரு நிமிடம் போதும். அதைச் செய்யாமல் ஒருவரின் தூக்கத்தைக் கெடுப்பது அநியாயம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், விளம்பரம் செய்த வேலைக்கு நேர்காணல் முடித்தவருக்கு 45 நாளுக்குள் நிலவரத்தைச் சொல்ல வேண்டும் என்று சட்டமே வந்திருக்கிறது. நம் நாட்டுத் தனியார் நிறுவனங்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

பேப்பர் மட்டும் போட்டுவிடாதீர்கள். கையில் ஆஃபர் லெட்டர் இருந்தவர்களே தவித்திருக்கிறார்கள். இன்ஃபோசிஸ் 2022-ல் தேர்வு செய்த பட்டதாரிகளில் சுமார் 2,000 பேர் இரண்டு வருடம் போல வேலையில் சேர முடியாமல் காத்திருந்தார்கள். புனேயின் ‘நைட்ஸ்’ ஊழியர் அமைப்பு 2024-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகம் வரை புகார் கொண்டுபோனது. பிறகுதான் அவர்களில் பலருக்கு அக்டோபர் 7 என்று நாள் குறித்து மெயில் வந்தது. 2023-ல் விப்ரோ, 6.5 லட்சத்துக்குக் காத்திருந்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. பெரிய இடத்திலிருந்து உங்களுக்கு அந்தக் கடிதமும் வரவில்லை. வாய்ப்பேச்சை நம்பி இருக்கிற வேலையை விடக்கூடாது.

பெரிய நிறுவனத்தின் ஹெச்.ஆருக்கு நாளைக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் வேண்டாம். கடைசி ரவுண்டில் பேசிய மேனேஜரின் முகவரி இருந்தால் அவருக்கும் நகல் போகட்டும். கடைசியாகப் பேசிய தேதி, வேறோர் ஆஃபர் கையில் இருப்பது, இந்தத் தேதிக்குள் எழுத்தில் முடிவு வேண்டும் என்பது, இவ்வளவு போதும். ஆஃபர் கொடுத்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லவேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். தேதியை மாதக் கடைசிக்கு நாலு நாள் முன்பாக வையுங்கள். அதற்கப்புறம் ஒரு போன்கூடச் செய்யாதீர்கள்.

பதில் வராவிட்டால் சின்ன நிறுவனத்துக்குச் சம்மதம் சொல்லுங்கள். அதற்கு முன் லெட்டரை நிதானமாகப் படியுங்கள்: சேரும் தேதி உங்கள் நோட்டீஸ் நாளோடு ஒத்துப்போகிறதா, பாண்டு ஏதும் இருக்கிறதா, பேசிய சம்பளத்தில் எவ்வளவு மாதாமாதம் கைக்கு வரும். மூன்றும் சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, அவர்கள் பெற்றுக்கொண்டதாக மெயில் வந்த பிறகு பேப்பர் போடுங்கள்.