புள்ளியை அனுப்புவதா, விடுவதா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் செய்யும் மாணவர்க்கு விசித்திரமான வினா ஒன்று எழுகின்றது. தாம் எழுதிய பொதுப் பரீட்சையின் புள்ளியைக் கல்லூரிக்கு அறிவிப்பதா, விடுவதா என்பதே அது. எமது நாட்டு முறையிற் பயின்றவர்க்கு இது வியப்பைத் தரும். உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றைக் காட்டாமல் இங்குப் பல்கலைக்கழகம் புகுதல் இயலாதன்றோ? ஆயினும், கடல் கடந்து கற்க விரும்பும் எமது மாணவரும், பிள்ளைகளை அனுப்ப எண்ணும் பழைய மாணவரும் இவ்விடயத்தை ஆராய்ந்தறிதல் நன்று.

அங்கு வழங்கும் பரீட்சைகள் இரண்டு. எஸ். ஏ. ரி. என்பது 1926ஆம் ஆண்டில் முதன்முதல் நடத்தப்பட்டது. அதன் புள்ளி 400 முதல் 1600 வரை அமையும். ஏ. சி. ரி. என்பது 1959இல் ஐயோவா மாநிலத்திலே தோன்றியது. அதன் புள்ளி 1 முதல் 36 வரையாகும். வெவ்வேறு பாடசாலைகளிற் பயின்றோரை ஒரே கோலால் அளத்தலே இவற்றின் நோக்கம். இவற்றைத் தரப்படுத்திய பரீட்சைகள் என்பர். 1970களில் எமது பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் வேறு, இது வேறு. அது பெற்ற புள்ளிகளைப் பின்னர் மாற்றியமைத்தது. இதுவோ யாவரையும் ஒரே வகையான வினாக்களால் அளப்பது.

மேயின் மாநிலத்துப் போடின் கல்லூரி 1969இலேயே இப்புள்ளியைக் கட்டாயமன்று என விலக்கியது. 2020இற் கொள்ளைநோய் பரவிப் பரீட்சை நிலையங்கள் மூடப்படவே, மிகப் பல கல்லூரிகள் அவ்வழியைப் பின்பற்றின. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம், புள்ளி அனுப்பப்பட்டாலும் அனுமதிக்கு அதனைக் கருதுவதில்லை என 2021இல் உறுதிசெய்தது. மறுபுறத்தில் எம். ஐ. ரி. நிறுவனம் 2022இலும், டார்ட்மத், ஹாவார்ட் முதலியன 2024இலும் புள்ளி வேண்டும் என்ற விதிக்கு மீண்டன. ஆகவே கல்லூரிகள் மூவகைப்படும்: புள்ளியைக் கட்டாயமாகக் கேட்பன, விருப்பத்துக்கு விடுவன, நோக்காதன. விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைக் கல்லூரிதோறும் வாசித்தறிதலே முதற்கடமை. எமது வினா நடுவகைக்கே உரியது.

புகுந்த மாணவருள் நடுப்பாதியினர் பெற்ற புள்ளி எல்லையைக் கல்லூரிகள் வெளியிடுவதுண்டு. உதாரணமாக 1400 முதல் 1520 வரை என ஒரு கல்லூரி கூறுமாயின், புள்ளி அனுப்பியோருள் காற்பங்கினர் 1400இற்குக் கீழும், காற்பங்கினர் 1520இற்கு மேலும் பெற்றனர் என்பது பொருள். நடுவிலோ அதற்கு மேலோ நிற்பவர் தயங்காது அனுப்பலாம் என்பது பலரும் கூறும் அறிவுரை.

ஆனால் இவ்வெண்களை வாசிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். அனுப்புதல் விருப்பத்துக்குரியதாகும்போது உயர்ந்த புள்ளி பெற்றோரே பெரும்பாலும் அனுப்புவர். புகுந்த 100 பேருள் 60 பேரே அனுப்பினரெனின், அந்த எல்லை அறுபதின்மரையே காட்டும். ஏனைய நாற்பதின்மரைக் காட்டாது. இதனால் எல்லை உயர்கின்றது. அதைக் கண்டு அஞ்சி இன்னும் பலர் மறைக்கின்றனர். எல்லை மேலும் உயர்கின்றது.

இவ்வச்சத்தால் நேரும் நட்டம் சிறிதன்று. டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர் 2024இல் வெளியிட்ட ஆராய்ச்சி, வசதி குறைந்த சூழலிலிருந்து வந்த மாணவர் பலர் தமக்கு உதவியிருக்கக்கூடிய புள்ளிகளையே மறைத்துவிட்டனர் எனக் காட்டியது. அங்குத் தெரிவு செய்வோர் புள்ளியைத் தனியே நோக்குவதில்லை. அதைப் பெற்றவரின் பாடசாலையோடும் சூழலோடும் சேர்த்தே நோக்குகின்றனர். பெரும்பாலோர் 1100ஐ எட்டாத பாடசாலையில் ஒருவர் பெற்ற 1400, சகல வசதியும் வாய்த்த பாடசாலையிற் பெற்ற 1400ஐ ஒத்ததன்று. தம்மைத் தாழ்வாக மதித்த அம்மாணவர், தமக்காகப் பேசவிருந்த சாட்சியைத் தாமே வாய்மூடச் செய்தனர். எமது பாடசாலைகளின் பெயரையும் புள்ளித் திட்டத்தையும் அறியாத ஒருவர் விண்ணப்பத்தை வாசிக்கும்போதும், அவர் நன்கறிந்த அளவுகோல் இப்புள்ளியே என்பதை நாம் மறத்தலாகாது.

எனினும் எப்போதும் அனுப்புக என்று நாம் கூறவில்லை. புள்ளி அக்கல்லூரியின் கீழெல்லைக்கு மிகத் தாழ்ந்தும், பாடசாலைப் பெறுபேறும் ஆசிரியர் நற்சான்றும் மிகச் சிறந்தும் இருப்பின் அனுப்பாது விடுதலே தக்கது. அப்போது ஏனைய சான்றுகளே முழுப் பாரத்தையும் சுமத்தல் வேண்டும் என்பதையும் உணர்தல் வேண்டும். பொறியியல் விரும்புவோர், மொத்தப் புள்ளி நடுத்தரமாயினும் கணிதப் பகுதி உயர்ந்திருக்குமாயின், அதனையும் சீர்தூக்குதல் நன்று. புலமைப்பரிசிலுக்கு மட்டும் புள்ளி கேட்கும் இடங்களும் உள.

ஒரே புள்ளியை ஒரு கல்லூரிக்கு அனுப்பி, மற்றொன்றுக்கு அனுப்பாது விடுதல் முறைகேடன்று. ஆதலால் மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளை நிரைப்படுத்தி, ஒவ்வொன்றின் விதியையும் எல்லையையும் எதிரே எழுதி, அறிந்த ஆசிரியர் ஒருவருடன் அமர்ந்து ஒவ்வொன்றாகத் தீர்மானிப்பாராக. நண்பர் பெற்ற புள்ளியோடு ஒப்பிட்டு நாணி எடுக்கும் முடிவு அங்கு இடம்பெறலாகாது.