இன்ஜின் ரிப்பேருக்குக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம்!

கார் வாங்கி மூணு வருஷம்தான் ஆகுது, அதுக்குள்ள இன்ஜின் ஆயிலைக் குடிக்குது. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "இந்த மாடலுக்கே இப்படித்தான் சார்" என்கிறார்கள். பில் மட்டும் நம் தலையில்!

அந்த ஒரு வார்த்தைதான் உங்கள் துருப்புச்சீட்டு. வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள். ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன், கோளாறு என்ன, காரணம் என்ன என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுக்கிறார்களா? அவர்கள் சொன்னதை அன்றைக்கே நீங்கள் மின்னஞ்சலில் எழுதி, நிறுவனத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு கோளாறை நிரூபிக்க அதுதான் தேவைப்படும்.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணைப் பல நிறுவனங்களின் இணையதளத்தில் போட்டால், உங்கள் வண்டி ரீகால் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் அந்த வேலை இலவசம். முன்பே பணம் கட்டியிருந்தால், பில்லை இணைத்து நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

பதில் சரியில்லையா? 1915-க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் மொபைலிலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கட்டணம் பில் தொகையைப் பார்த்து அல்ல, காருக்குக் கொடுத்த விலையைப் பார்த்து: 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை ரூ.200. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். 1915-ல் புகார் நிலுவையில் இருக்கிறது என்று காத்திருந்தாலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.