‘நான் அப்படிப்பட்டவன் இல்லை’ என்றால் போதுமா?

அன்புள்ள மாப்பிள்ளை கதிருக்கு,

மாமா எழுதுவது. உனக்கு அமெரிக்க விசா கிடைத்ததை உன் அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்துவிட்டாள்.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். குரலில் எரிச்சல் நன்றாகவே தெரிந்தது. கல்லூரியிலிருந்து வந்த படிவங்களில் ஒன்று, பாலியல் வன்முறை தொடர்பாக உன்மேல் எப்போதாவது விசாரணை, ஒழுங்கு நடவடிக்கை, தண்டனை உண்டா என்று கேட்கிறதாம். “நான் நீளம் தாண்டத்தானே போறேன் மாமா, என்னை எதுக்குக் குற்றவாளி மாதிரி கேக்குறாங்க? நான் அப்படிப்பட்டவன் இல்லையே” என்றாய். போனில் பதில் சொன்னால் “சரி மாமா, சரி மாமா” என்று பேச்சை முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தக் கேள்வியை உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு 2020-இல் கொண்டுவந்து, 2022-23 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த விதி அது. அணியில் உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் பதில் சொல்ல வேண்டும். உன்னைச் சந்தேகப்பட்டு வந்த விதியும் இல்லை. ஓடத் தெரிந்தவன், பந்து பிடிக்கத் தெரிந்தவன் என்பதற்காகப் பல பேரைக் கேள்வியே கேட்காமல் விட்ட ஊர் அது. அந்தக் கதைகளைத் தெரிந்துகொண்டு போவது உனக்கு நல்லது.

2015 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது முதல் கதை. மாணவர் விடுதி ஒன்றில் பார்ட்டி. நள்ளிரவு தாண்டி அந்த வழியாக சைக்கிளில் வந்த சுவீடன் நாட்டு ஆராய்ச்சி மாணவர்கள் இருவர், குப்பைத் தொட்டிக்குப் பின்னால் தரையில் அசைவற்றுக் கிடந்த ஒரு பெண்ணையும் அவள்மேல் ஒருவனையும் பார்த்தார்கள். சைக்கிளை நிறுத்தி அதட்டினார்கள். அவன் எழுந்து ஓடினான். துரத்திப் பிடித்து, போலீஸ் வரும்வரை தரையோடு அமுக்கி வைத்திருந்தார்கள். பிடிபட்டவன் பிராக் டர்னர், பல்கலைக்கழக நீச்சல் அணியின் முதலாண்டு வீரன், வயது 19. அந்தப் பெண்ணுக்கு நினைவு திரும்பியது மருத்துவமனையில்தான்.

2016 மார்ச்சில் ஜூரி மூன்று குற்றச்சாட்டுகளிலும் அவன் குற்றவாளி என்றது. 14 வருடம்வரை தண்டனை கொடுக்கலாம். அரசுத் தரப்பு 6 வருடம் கேட்டது. நீதிபதி ஆரன் பெர்ஸ்கி கொடுத்தது 6 மாதம். சிறைக்குப் போனால் அவன் வாழ்க்கை கடுமையாகப் பாதிக்கப்படும் என்பது அவர் கவலை. 3 மாதத்தில் வெளியே வந்துவிட்டான்.

தீர்ப்புக்கு முன்னால் அவனுடைய அப்பா நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். பையன் முன்பெல்லாம் ரிப்-ஐ ஸ்டேக்கை ஆசையாகச் சாப்பிடுவானாம், இப்போது உயிர் வாழ்வதற்காக மட்டும் சாப்பிடுகிறானாம். இருபது வருட வாழ்க்கையில் இருபது நிமிட வேலைக்கு இவ்வளவு பெரிய விலையா என்று கேட்டிருந்தார். மகன்மேல் பாசம் இருப்பது தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கில் அந்தப் பெண்ணின் பசியும் தூக்கமும் எங்கேயும் இல்லை என்பதைக் கவனி. மகனும் தன் பங்குக்கு ஒரு கடிதம் எழுதினான். குடி, பார்ட்டிக் கலாசாரம், கூட்டாளிகள் என்று வரிசையாக எல்லோரும் அதில் வந்தார்கள். செய்தது பாலியல் வன்முறை என்ற ஒப்புதல் மட்டும் வரவில்லை.

அந்தப் பெண் நீதிமன்றத்தில் அவனை நேருக்கு நேர் பார்த்துத் தன் அறிக்கையை வாசித்தாள். நானும் குடித்திருந்தேன், நீயும் குடித்திருந்தாய், ஆனால் நான் யாருடைய உடையையும் களைந்துவிட்டு ஓடவில்லை என்பதுதான் அதன் சாரம். தன்னைப் பற்றி வந்த செய்தியின் கடைசியில் அவனுடைய நீச்சல் நேரங்களைப் பட்டியல் போட்டிருந்தார்கள் என்பதையும் சொன்னாள். அவளைக் காப்பாற்றிய இருவரின் நினைவாக இரண்டு சைக்கிள்களைத் தானே வரைந்து கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டு தூங்குவதாகவும் சொன்னாள். பல வருடம் ‘எமிலி டோ’ என்ற மறைவுப் பெயரில் இருந்தவர், 2019-இல் தன் சொந்தப் பெயரிலேயே புத்தகம் எழுதி வெளியே வந்தார்: சானல் மில்லர். கலிஃபோர்னியா தன் தண்டனைச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 2018 ஜூனில் மக்கள் ஓட்டுப் போட்டு பெர்ஸ்கியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1932-க்குப் பிறகு அந்த மாநிலத்தில் அப்படிப் பதவி இழந்த முதல் நீதிபதி அவர்.

சாக்கு ஏன் எடுபடக் கூடாது என்பதற்கு உன் ஆட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. டேக்-ஆஃப் கோட்டைத் தாண்டி உன் கால் போய்விட்டால் சிவப்புக் கொடி. காற்று தள்ளியது, ரன்-அப் சரியில்லை என்று நீ ஆயிரம் சொல்லலாம். தாண்டிய கால் உன்னுடையது. எட்டு மீட்டர் தாண்டியிருந்தாலும் அந்தத் தாண்டலுக்கு அளவு எடுக்க மாட்டார்கள். மணல்குழியில் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிற இந்த நியாயத்தை வெளியே வந்ததும் மறந்துவிடுவதுதான் வியப்பு.

மறக்கடிக்க ஆளும் இருக்கிறது. 1998-இல் ஆரிகன் மாநிலத்தில் பிரெண்டா ட்ரேசி என்ற 24 வயதுத் தாய், நான்கு பேர் சேர்ந்து தன்னைப் பலாத்காரம் செய்ததாகப் போலீசில் சொன்னார். அதில் இருவர் ஆரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்காரர்கள். வழக்கு நீதிமன்றம் ஏறவே இல்லை. பயிற்சியாளர் மைக் ரைலி அந்த இருவரையும் ஒரே ஒரு ஆட்டத்துக்கு நிறுத்தி வைத்தார். நல்ல பையன்கள்தான், தப்பான முடிவு எடுத்துவிட்டார்கள் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். படித்ததும் எனக்கு நம் ஊர்த் திண்ணைப் பேச்சுதான் ஞாபகம் வந்தது: ஆம்பளை சேத்தைக் கண்டா மிதிப்பான், தண்ணியைக் கண்டா கழுவுவான். எந்த நாட்டிலும் இப்படிக் கழுவிவிடத் தண்ணீரும் கையுமாக ஒருத்தர் நிற்கிறார். சேறு என்று இவர்கள் சொல்வது ஒரு மனுஷியை என்பது மட்டும் யாருக்கும் உறைப்பதில்லை.

ட்ரேசி 2014-இல் தன் பெயரைச் சொல்லிப் பகிரங்கமாகப் பேசினார். பல்கலைக்கழகத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ரைலியும் கேட்டார். பிறகு நெப்ராஸ்கா அணியின் பயிற்சியாளரான அவர், 2016-இல் தன் வீரர்கள் முன்னால் பேச ட்ரேசியையே அழைத்தார். ட்ரேசி தன்னை எவ்வளவு வெறுத்தார் என்பதை அவர் வாயாலேயே, தன் பையன்கள் முன்னால், உட்கார்ந்து கேட்டார். செய்ததை அது அழிக்காது. ஆனால் பொறுப்பேற்பது என்றால் என்ன என்று கேட்டால் நான் கைகாட்டக்கூடிய காட்சி அதுதான். சாக்குச் சொல்லாமல், கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டியவரிடமிருந்து கேட்பது.

அடுத்தது வர்ஜீனியா பல்கலைக்கழகம். இயர்ட்லி லவ் அங்கே லக்ராஸ் என்ற விளையாட்டின் பெண்கள் அணியில் ஆடியவள். அவளுடைய முன்னாள் காதலன் ஜார்ஜ் ஹியூக்லி ஆண்கள் லக்ராஸ் அணியில். 2010 மே 3-ஆம் தேதி அதிகாலையில் அவள் தன் அறையில் இறந்து கிடந்தாள். பட்டமளிப்புக்கு இன்னும் சில வாரம்தான் இருந்தது. குடித்துவிட்டு வந்து அவள் அறைக்கதவை உதைத்து உடைத்து உள்ளே போனவன் அவன். இரண்டாம் நிலைக் கொலை என்று தீர்ப்பாகி 23 வருடத் தண்டனை கிடைத்தது. கொலைக்குச் சில மாதம் முன்பே ஒரு பார்ட்டியில் அவன் அவள் கழுத்தைப் பிடித்து நெரித்திருக்கிறான். வந்திருந்த ஒருவர்தான் விலக்கிவிட்டார் என்பது வழக்கில் வெளிவந்தது. 2008-இல் குடிபோதையில் போலீசோடு மல்லுக்கட்டிக் கைதானதும் உண்டு. அது தங்களுக்குத் தெரியவே தெரியாது என்றது பல்கலைக்கழகம். அதற்குப் பிறகுதான், கைதாகியிருக்கிறாயா என்று அங்கே மாணவர்களை ஆண்டுதோறும் கேட்க ஆரம்பித்தார்கள். உனக்கு எரிச்சல் மூட்டிய அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இப்படிச் சில சாவுகள் இருக்கின்றன.

இந்தக் கதைகளில் குற்றவாளிகள் இரு கை விரல்களில் அடங்குவார்கள். ஓரளவு பார்த்தவர்கள், கேள்விப்பட்டவர்கள், சிரித்துவிட்டுப் போனவர்கள்தான் ஏராளம். 1993-இல் ஜாக்சன் காட்ஸ் என்பவர் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வீரர்களுக்கென்று ஒரு பயிற்சியை ஆரம்பித்தார். அவரும் பழைய கால்பந்து ஆட்டக்காரர். “நீ தப்புச் செய்யாதே” என்று ஒவ்வொருவனிடமும் சொன்னால், உன்னை மாதிரியே “நான் அப்படிப்பட்டவன் இல்லை” என்று காதை மூடிக்கொள்கிறான். அதனால் அவர் கேள்வியை மாற்றினார்: உன் கூட்டாளி செய்யப் போகிறான், நீ பக்கத்தில் நிற்கிறாய், என்ன செய்வாய்? இந்தக் கேள்விக்கு “நான் அப்படி இல்லை” என்பது பதிலே ஆகாது, பார்.

உனக்கும் அதே கேள்விதான். உடை மாற்றும் அறையில் சீனியர் ஒருவன் ஒரு பெண்ணைப் பற்றி அசிங்கமாகப் பேசுவான். எல்லோரும் சிரிப்பார்கள். நீ பிரசங்கம் செய்ய வேண்டாம். சிரிக்காமல் இரு. “விடு, அந்தப் பொண்ணு எனக்குத் தெரிஞ்சவ” என்று ஒரு வார்த்தை சொன்னாலே பாதி அடங்கிவிடும். பார்ட்டியில் தள்ளாடுகிற பெண்ணை ஒருவன் மாடிக்குக் கூட்டிப் போனால் நடுவில் போய் நில். லைட்டைப் போடு, அவள் தோழிகளைத் தேடிக் கூப்பிடு, அவனிடம் கோச் தேடுகிறார் என்று பொய்கூடச் சொல். நிலைமை கை மீறினால் 911-இல் போலீசைக் கூப்பிடு. அவன் உன் ரிலே கூட்டாளியாக இருந்தாலும் இதுதான். 2013-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கால்பந்து வீரர்கள் சிலர் மயக்கத்தில் இருந்த மாணவியைச் சீரழித்து, அதைப் போனில் படம் பிடித்து நண்பர்களுக்கும் அனுப்பினார்கள். அப்படி ஒன்று உன் போனுக்கு வந்தால் பார்த்துவிட்டு அழிப்பது நல்லபிள்ளைத்தனம் இல்லை. அது சாட்சியம். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்.

அந்த இடமும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1972-இல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டப்படி உன் கல்லூரியிலும் அதற்கென்று ஓர் அதிகாரி இருப்பார். போன முதல் வாரத்திலேயே அந்த அலுவலகம் எங்கே என்று பார்த்து வை. கோச்சிடம் சொன்னால் போதும் என்று நினைக்காதே. 2016-இல் பேய்லர் பல்கலைக்கழகத்தில் கால்பந்துப் பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் வேலை போனதும், அதிபர் கிளின்டனை விசாரித்துப் பேர் வாங்கிய கென் ஸ்டார் தலைவர் பதவியை இழந்ததும், புகார்களை முறைப்படி விசாரிக்காமல் விட்டதால்தான். கோச்சுக்குச் சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது என்பதை எப்போதும் ஞாபகம் வைத்துக்கொள்.

சம்மதம் என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா கூச்சப்படுவார். “மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி” என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கலிஃபோர்னியா 2014-இல் தன் கல்லூரிகளுக்குப் போட்ட சட்டம் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது: மௌனம் சம்மதம் ஆகாது, எதிர்க்காமல் இருப்பதும் ஆகாது. நீ எந்த மாநிலத்தில் இருந்தாலும் அதையே உன் சட்டமாக வைத்துக்கொள். போதையில் இருப்பவளும் தூங்குகிறவளும் சம்மதம் சொல்ல முடியாது. நேற்றுச் சரி என்றவள் இன்று வேண்டாம் என்றால் இன்றைய பேச்சுதான் பேச்சு. ஒரு பெண் உன்னைப் பிரிந்து போனால் அழு, ஓடு, எனக்குப் போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் எடுக்கிறேன். அவள் வாசலுக்கு மட்டும் போகாதே.

இதையெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து கேட்டுச் சான்றிதழ் வாங்கிவிட்டால் போதும் என்றும் நினைக்காதே. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மெல் டக்கர் என்ற பயிற்சியாளர் தன் அணிக்கு வகுப்பெடுக்க அதே பிரெண்டா ட்ரேசியை அழைத்தவர். பிறகு அவர்மேலேயே ட்ரேசி பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார். டக்கர் மறுத்தார். 2023-இல் அவர் வேலை போனது. விதியை மீறினார் என்றே பல்கலைக்கழக விசாரணையும் முடித்தது. மேடை போட்டுக் கொடுத்தவனுக்கும் பாடம் தானாக ஏறிவிடாது, மாப்பிள்ளை. தினம் தினம் நீயேதான் உன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒருவேளை நீயே தவறினால்? குடியைச் சொல்லாதே, கூட்டத்தைச் சொல்லாதே, அவள் உடையைச் சொல்லாதே. செய்ததைச் செய்தேன் என்று சொல். விளைவை நின்று வாங்கிக்கொள்.

நீ எட்டு மீட்டர் தாண்டினால் உன் அம்மா விட்டுவைத்த தெருக்களுக்கெல்லாம் நானே போய்ச் சொல்வேன். ஆனால் டர்னரின் அப்பா எழுதினாரே, அப்படி ஒரு கடிதத்தை எந்த நீதிபதிக்கும் உனக்காக நான் எழுத மாட்டேன். அது நமக்குள் இப்போதே தெளிவாக இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா