புற்றுநோயும் மரபணுவும்: பரம்பரை வியாதி என்று பயப்பட வேண்டுமா?



புற்றுநோய் மரபணுவில் ஏற்படும் கோளாறு என்று சொன்னதும், "அப்படியென்றால் பிள்ளைகளுக்கும் வருமா, டொக்டர்?" என்றுதான் எம்மவர்கள் முதலில் கேட்கிறார்கள். பிள்ளையின் கலியாணம் குழம்பிவிடும் என்று நோயை மறைப்போரும் உண்டு. ஒரு குருதிப் புற்றுநோயை உதாரணமாகக் கொண்டு இதை விளக்குகிறேன்.

எமது உடற்கலங்களில் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. அவற்றிலுள்ள மரபணுக்களைத் தேவையான நேரத்தில் படியெடுத்தே கலம் தன் வேலையைச் செய்கிறது. எதைப் படியெடுப்பது, எதை நிறுத்துவது என்று தீர்மானிக்கும் சில புரதங்கள் சுவிச் போன்றவை.

என்பு மச்சையிலுள்ள ஒரு கலத்தில் 15ஆம், 17ஆம் நிறமூர்த்தங்கள் உடைந்து, துண்டுகள் மாறி ஒட்டிக்கொள்ளலாம். அப்போது பி.எம்.எல்., ஆர்.ஏ.ஆர்.ஏ. என்னும் இரு மரபணுக்கள் ஒன்றாகி, கலப்புப் புரதம் ஒன்றை உருவாக்குகின்றன. வெண்குழியம் முதிர்வதற்கான மரபணுக்களை இந்தப் புரதம் பூட்டிவிடுகிறது. முதிராத கலங்கள் பெருகுகின்றன. குருதி உறைவதும் குழம்பி, கடும் இரத்தப்போக்கு ஏற்படுகிறது. மூளையில் இரத்தம் கசிந்தால் சில நாட்களிலேயே உயிர் போகலாம்.

இந்தப் பூட்டைத் திறக்க மருந்து உண்டு. விற்றமின் ஏ இலிருந்து பெறப்படும் அமிலம் இக்கலங்களை முதிரச் செய்வதை ஷங்காய் மருத்துவர்கள் 1988இல் வெளியிட்டனர். எம் சித்த வைத்தியம் வெள்ளைப் பாஷாணம் என்று அழைக்கும் ஆர்செனிக், கலப்புப் புரதத்தையே அழிக்கிறது. ஆர்செனிக்கை மட்டும் கொடுத்து 72 நோயாளரில் பெரும்பாலானோரைத் தேற்றியதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 2006இல் வெளியிட்டனர்.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்த இத்தாலிய-ஜெர்மன் ஆய்வு 2013இல் வெளியானது. அதற்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் பிரான்செஸ்கோ லோ கொக்கோ (1955–2019) எமது பலெர்மோவில் பிறந்தவர். இரண்டு ஆண்டுகளின் பின் நோய் திரும்பாமல் நலமாக இருந்தோர் 97 வீதம். பழைய கீமோ முறையில் 86 வீதம். நோயின் தொடக்கத்தில் வெண்குழியங்கள் மிக அதிகமாக உள்ளவர்களுக்கு மட்டும் வேறு மருந்தும் தேவைப்படும்.

இனி முதற் கேள்விக்கு வருவோம். இந்த ஒட்டுதல் பிறந்த பின் ஒரு கலத்தில் நேர்வது. பெற்றோரிடமிருந்து வந்ததல்ல, பிள்ளைகளுக்குப் போவதுமல்ல. சில புற்றுநோய்கள் குடும்பத்தில் தொடர்வதுண்டு, இது அவ்வகையல்ல. மறைக்க ஒன்றுமில்லை.

கவனிக்க வேண்டியவை:

- அடிபடாமலே உடம்பில் நீலத் தழும்புகள், முரசிலோ மூக்கிலோ நிற்காத இரத்தம், வழமைக்கு மாறான கடும் மாதவிடாய், இவற்றுடன் காய்ச்சல், களைப்பு இருந்தால் அன்றே புரொந்தோ சொக்கோர்சோவுக்குச் செல்லுங்கள். நிலைமை மோசமென்றால் 112ஐ அழையுங்கள். வேலை முடியட்டும், லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.
- விற்றமின் ஏ குளிசையோ, ஊரிலிருந்து வரும் பாஷாண மருந்தோ தாமாக உட்கொள்ள வேண்டாம். வைத்தியசாலையில் அளந்து கொடுத்தால் மருந்து. வீட்டில் அது நஞ்சு.
- மொழி தெரியாதவருடன் தெரிந்த ஒருவர் துணைக்குச் செல்லுங்கள்.

நேரத்தோடு வந்தவரே இந்த நோயை வெல்கிறார்.